நீர்வழங்கு அமைப்புகளின்மீதான தாக்குதல்: தமிழ்ச் செய்திநடையும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

பொது நீர்வழங்கு அமைப்புகள் அரசியற் காரணங்களுக்காகத் தாக்கப்படுவது புதிய நிகழ்வன்று. குளம், மதகு, கால்வாய், குழாய், மேல்நிலைத் தொட்டி எனத் தாக்கப்படும் பொருள் காலத்திற்குக் காலம் மாறுகிறது. இவற்றைக் குறித்துத் தமிழில் எழுதப்படும் செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் செயலுக்குரிய சொல் எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறது, அத்தெரிவால் செய்தவர் யார், இழந்தவர் யார் என்னும் செய்திகள் எவ்வாறு வெளிப்படுகின்றன அல்லது மறைகின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றின் வழியே அன்றாட நிகழ்வுகளை அறிந்து, அவற்றைத் தமிழில் பேசியும் எழுதியும் வரும் மும்பைத் தமிழரின் சூழல் இவ்வாய்வுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதனோடு ஒப்புநோக்க அரியானா (2016), மாவிலாறு (2006), வேங்கைவயல் (2022), மகாட் (1927) ஆகிய நான்கு நிகழ்வுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இங்குக் காட்டப்படும் தொடர்கள், செய்திநடையில் வழங்கும் அமைப்புகளை விளக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரித் தொடர்களேயாம்.

1. மும்பை: ஆக்கிரமிப்பு என்னும் சொல்

மும்பை மாநகருக்கு விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, பாட்சா ஆகிய ஏழு நீர்நிலைகளிலிருந்து நீர் வருகிறது. விஹார் 1860-இலும், தான்சா 1892-இலும் பயனுக்கு வந்தவை. தொலைவிலிருந்து வரும் பெருங்குழாய்கள் பல இடங்களில் நிலத்தின்மேலேயே செல்கின்றன. அவற்றின் இருமருங்கிலும் பல்லாண்டுகளாகக் குடியிருப்புகள் வளர்ந்துள்ளன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரினும் நீரைப் பொறுத்தவரை அவர்தம் நிலை ஒன்றன்று. அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் நீர் நிரம்புவதும், தாராவியின் சந்தில் குறித்த நேரத்தில் மட்டும் வரும் குழாய்க்காகக் குடங்கள் வரிசையில் நிற்பதும் ஒரே வழங்கு அமைப்பின் இரு முனைகளாகும். திறப்பிதழ்களைத் திருகி நேரம் பிரித்து நீர்விடும் மாநகராட்சி ஊழியரைச் 'சாவிவாலா' என்று மும்பை மக்கள் குறிப்பர். நீர் வருவதும் வராததும் ஒரு மனிதரின் கைச்செயல் என்னும் அறிவு இச்சொல்லிலேயே பதிந்துள்ளது.

2000-ஆம் ஆண்டுகளின் இறுதியில், பொதுநல வழக்கொன்றில், தான்சாப் பெருங்குழாய்களின் இருபுறமும் 10 மீட்டர் அளவுக்குள் அமைந்த குடியிருப்புகளை அகற்ற மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. குழாய்களின் பாதுகாப்பும் நீரின் தூய்மையும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. அகற்றப்பட்டோரில் ஆயிரக்கணக்கான குடும்பத்தினர் செம்பூரை அடுத்த மாகுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அண்மையில் எழுப்பப்பட்ட கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்பகுதியின் காற்று உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கத்தக்கது என்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சுட்டியிருந்தது. 2019-இல் உயர்நீதிமன்றம், மாகுலுக்குச் செல்ல மறுப்போர் வேறிடத்தில் குடியிருக்கத் திங்கள்தோறும் 15,000 ரூபாய் வாடகை வழங்குமாறு பணித்தது.

இந்நிகழ்வுகளைத் தமிழில் கூறுவோர் அக்குடியிருப்புகளை 'ஆக்கிரமிப்பு' என்றும், குடியிருந்தோரை 'ஆக்கிரமிப்பாளர்' என்றும் குறிப்பது இயல்பு. மராத்தியில் இதற்குரிய சொல் 'அதிக்ரமண்'. எல்லையைக் கடத்தல் என்பது அதன் பொருள். 'ஆக்ரமண்' என்பது படையெடுப்பையும் தாக்குதலையும் குறிக்கும் வேறு சொல்லாகும். இவ்விரண்டும் ஒரே வடமொழி வேரினின்று வெவ்வேறு முன்னொட்டுகளால் பிரிந்தவை. மராத்தியும் இந்தியும் அவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. தமிழோ இரண்டாவது சொல்லின் வழிவந்த 'ஆக்கிரமிப்பு' என்பதையே இருபொருட்கும் ஆள்கிறது. அந்நியப் படை ஒரு நாட்டைக் கைப்பற்றுவதும் ஆக்கிரமிப்பே; குழாயோரத்தில் தகரக் கூரை வேய்ந்து வாழ்வதும் ஆக்கிரமிப்பே. ஆதலின், 'குழாயோர ஆக்கிரமிப்பாளர் அகற்றப்பட்டனர்' என்னும் தொடரைப் படிக்கும் தமிழ் வாசகர்க்கு, மராத்தி மூலத்தில் இல்லாத தாக்குதற் சாயல் ஒன்று கிட்டிவிடுகிறது. நிகழாத ஒரு தாக்குதல் குறித்த அச்சத்தின் பெயரால் அகற்றப்பட்டவர்களே சொல்லளவில் தாக்கியவர்களாகத் தோன்றுகின்றனர்.

பெருங்குழாய்கள் ஊறு எய்தக்கூடியவை என்பதும், துளையிடப்பட்ட குழாயினுள் கழிவுநீர் புகக்கூடும் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. பாதுகாப்பு வேண்டும் என்னும் கருத்தை வெளியிட இச்சொல் தேவையா என்பதே இங்கு எழும் வினா. வருவாய்த்துறை வழக்கில் 'புறம்போக்கு' என்பது நிலத்தின் வகைப்பெயராகத் தோன்றி, பின்னர் அந்நிலத்தில் வாழ்வோரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகத் திரிந்ததை ஒப்புநோக்குக. நிலத்திற்குரிய பெயர் மனிதர்க்குரிய பெயராக மாறும் போக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்னும் சொல்லிலும் காணப்படுகிறது.

2. உடைப்பும் துண்டிப்பும்

தமிழ் வினைகள் பலவற்றில் தன்வினையும் பிறவினையும் வடிவால் வேறுபடுகின்றன: உடைந்தது – உடைத்தனர், நின்றது – நிறுத்தினர். இவ்வேறுபாடு செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்னும் பாகுபாட்டோடு முற்றும் ஒத்ததன்று என்பதைக் கு. பரமசிவம் தம் ஆய்வுகளில் விரிவாக நிறுவியுள்ளார். வினையின் பயன் எவரைச் சேர்கிறது என்பதே அவர்தம் விளக்கத்தின் மையமாகும்.

எனினும் பெயராக்கத்தில் இத்தெளிவு மங்குகிறது. 'குழாயில் உடைப்பு ஏற்பட்டது', 'கால்வாயில் உடைப்பு' என்பன செய்திநடையில் மிகப் பரவலானவை. 'உடைப்பு' என்பது வல்லின இரட்டிப்புடைய பிறவினை அடியினின்று பிறந்த பெயர். தன்வினைக்குரிய பெயர் 'உடைவு'. ஆயினும் வெள்ளத்தால் கரை உடைவதையும், பழுதால் குழாய் வெடிப்பதையும், கூட்டம் திரண்டு மதகை உடைப்பதையும் 'உடைப்பு' என்னும் ஒரே சொல் குறிக்கிறது. 'ஏற்பட்டது' என்னும் துணை சேரும்போது, பிறவினைப் பெயர் தன்வினைத் தொடரினுள் அடங்கிச் செய்தவர் மறைகின்றனர்.

2016 பிப்ரவரியில் அரியானாவில் இடஒதுக்கீடு கோரி ஜாட் சமூகத்தினர் நடத்திய கிளர்ச்சியின்போது, தில்லிக்கு நீர் கொணரும் முனாக் கால்வாய் கைப்பற்றப்பட்டு அதன் அமைப்புகள் சேதப்படுத்தப்பட்டன. தில்லியின் குடிநீரில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இதனால் தடைப்பட்டது. இராணுவம் சென்று கால்வாயை மீட்க நேர்ந்தது. இதனை 'முனாக் கால்வாயில் உடைப்பு. தில்லியில் தண்ணீர்த் தட்டுப்பாடு' எனச் சுருக்கின் அது இயற்கை இடர் போலாகிவிடும். 'நாசவேலை' எனின், மறைந்திருந்து செய்யும் பகைச்செயல் என்னும் பொருள் மிகும். வெளிப்படையாகத் திரண்ட கூட்டம், ஒரு கோரிக்கைக்காக, மற்றொரு நகரின் நீரைப் பிணையாக்கிய செயலுக்கு இவ்விரு சொற்களும் பொருந்துவன அல்ல. 'கிளர்ச்சியாளர் கால்வாயைக் கைப்பற்றிச் சேதப்படுத்தித் தில்லிக்குச் செல்லும் நீரைத் தடுத்தனர்' என வினைமுற்றால் கூறுதலே நிகழ்வை நிகழ்ந்தவாறே உணர்த்தும்.

இதற்கு மறுதலையாக அரசு அமைப்பின் செயலுக்கு வழங்கும் சொல் 'துண்டிப்பு'. 'முறையற்ற இணைப்புகள் துண்டிக்கப்பட்டன' என்பது அதன் வழக்கமான அமைப்பு. குழாயை வெட்டுதல் என்னும் பருப்பொருட் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. குடிமகன் செய்யின் உடைப்பு, மாநகராட்சி செய்யின் துண்டிப்பு. மராத்தியில் கூட்டத்தினர் அடித்து நொறுக்குதல் 'தோட்ஃபோட்' எனவும், மாநகராட்சி கட்டடங்களை இடித்தல் 'தோடக் காரவாயி' எனவும் வழங்குகின்றன. உடைத்தலைக் குறிக்கும் வேர் இரண்டிலும் புலப்பட்டு நிற்கிறது. தமிழில் முன்னது 'சூறையாடல்' ஆகிறது. பின்னது 'நடவடிக்கை' ஆகிறது. மூலத்தில் கேட்கும் வேரொற்றுமை மொழிபெயர்ப்பில் இழக்கப்படுகிறது.

சட்டத்தின் அடிப்படையில் செய்யப்படும் துண்டிப்பையும் கூட்டத்தின் உடைப்பையும் சமன் செய்வது இங்கு நோக்கமன்று. ஆனால் துண்டிப்பு என்னும் சொல் வினாவுக்கு அப்பாற்பட்டதாகிவிடலாகாது. மும்பையில் குறித்த ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு மாநகராட்சி நீர் மறுத்துவந்த நிலையில், நீர் பெறும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. குடியிருப்பு முறையற்றதாயினும் குடிநீர் முற்றிலும் மறுக்கப்படலாகாது என்பது அதன் கருத்து. இதன்பின் 'முறையற்ற இணைப்பு' என்னும் தொடரின் அடைமொழி முன்போல் ஐயமற்றதாக நிற்றல் அரிது.

3. மூடுதலும் பயனறச் செய்தலும்

திற, மூடு, கல ஆகிய வினைகள் 'உடை' போன்றவை அல்ல. 'கதவு மூடியது', 'கதவை மூடினர்' என ஒரே வடிவம் தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குகிறது. நீரைக் குறித்த செய்திகளில் மிகுதியும் வருவன இவ்வினைகளே.

2006 சூலையில் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. அப்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கீழ்ப்பகுதி உழவர் குடும்பங்கள் பல்லாயிரம் நீரின்றித் தவித்தன. மக்களே தம் கோரிக்கைகளுக்காக மூடினர் எனப் புலிகள் தரப்பு கூறியது. புலிகளே மூடினர் என அரசு கூறியது. வான்வழித் தாக்குதலும் தரைப்போரும் தொடர்ந்தன. ஆகஸ்டில் மதகு திறக்கப்பட்டது. ஆயினும் போர் நிற்கவில்லை. நான்காம் ஈழப்போரின் தொடக்கமாக இந்நிகழ்வு கருதப்படுகிறது. அரசு தன் படைச்செயலை 'மனிதாபிமான நடவடிக்கை' என அழைத்தது. 'நடவடிக்கை' என்னும் சொல் மும்பையின் இடிப்பையும் ஈழத்தின் படையெடுப்பையும் ஒரே அமைதியோடு தாங்கி நிற்பது கருதத்தக்கது.

மதகை மூடுதல் தாக்குதலாகுமா என்பது மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் வினா. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறைகள், குடிமக்கள் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாப் பொருள்களைக் காக்கும் பிரிவில் குடிநீர் அமைப்புகளையும் பாசன அமைப்புகளையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றன. தாக்குதல், அழித்தல், அகற்றுதல், பயனற்றதாக்குதல் என நான்கு செயல்கள் அங்கு விலக்கப்படுகின்றன. நான்காவதே இங்கு இன்றியமையாதது. மதகு உடையாமலே மூடப்படலாம். தொட்டி சிதையாமலே நஞ்சூட்டப்படலாம். இவை முதல் மூன்றனுள் அடங்கா, நான்காவதனுள் அடங்கும். தமிழாக்கத்தில் இந்நான்கையும் 'தாக்குதல், அழித்தல்' என இரண்டாகச் சுருக்குவது நடையை எளிதாக்கலாம். ஆனால் நெறிமுறையின் காப்பு பாதியாகக் குறைந்துவிடும். 'பயனறச் செய்தல்' என்பதைக் கலைச்சொல்லாகப் பேணுதல் வேண்டும்.

4. 'மலம் கலந்த' என்னும் தொடர்

2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தினர் குடியிருப்புக்கு நீர் வழங்கிய 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது கண்டறியப்பட்டது. குழந்தைகள் நோயுற்றதைத் தொடர்ந்தே இது வெளிப்பட்டது. வழக்கு 2023 சனவரியில் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், அத்துறை அதே சமூகத்தைச் சேர்ந்த மூவரைக் குற்றஞ்சாட்டியது. அக்குடியிருப்பினரும் அரசியற் கட்சிகள் பலவும் அம்முடிவை ஏற்க மறுத்தனர்.

'மலம் கலந்த விவகாரம்' என்பது இந்நிகழ்வுக்குத் தமிழ்ச் செய்திநடையில் நிலைத்துவிட்ட பெயர். இத்தொடரின் இலக்கணம் நோக்கத்தக்கது. 'மலம் கலந்த நீர்' என்புழி 'மலம்' எழுவாய், கலத்தல் தன்வினை. 'மலம் கலந்தவர்' என்புழி 'மலம்' இரண்டாம் வேற்றுமைத் தொகை, கலத்தல் பிறவினை. 'மலம் கலந்த விவகாரம்' என்புழி இரண்டும் இயலும். அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு தொகுவதும், 'கல' என்னும் வினை இருவகைக்கும் ஒரே வடிவம் கொள்வதும், பெயரெச்சம் செய்தவரைக் கட்டாயமாக வேண்டாமையும் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் இம்மயக்கம் பிறக்கிறது. 'மலத்தைக் கலந்த செயல்' என உருபை விரித்து, 'விவகாரம்' என்பதை நீக்கின் மயக்கம் அகலும்.

'மலம் கலக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினையைக் குறித்து வேறு கருத்து உண்டு. செயப்பாட்டு வினை செய்தவரை மறைக்கும் கருவி என்பது பொதுவான திறனாய்வு. இங்கு அது முழுதும் பொருந்தாது. செய்தவர் எவரென நிறுவப்படாத நிலையில், யாரோ ஒருவர் செய்தார் என்பதை உறுதிப்படுத்தியும் அவர் இன்னார் என்பதை உரையாமலும் நிற்பது செயப்பாட்டு வினையே. தன்வினை 'கலந்தது' எனின் செய்தவரே இல்லை என்றாகும். ஆகவே 'கலந்தது', 'கலக்கப்பட்டது' ஆகியவற்றுள் பின்னதே நேர்மையான வடிவம். குற்றச்சாட்டு எழுந்தபின், 'கலந்தனர்' என உறுதியாகக் கூறாமல் 'கலந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுள்ளனர்' எனச் சுட்டுதலும் இதே நேர்மையின்பாற்படும்.

5. மகாட்: சுத்தி என்னும் பெயர்

செய்தவர் தம் செயலுக்கு இட்ட பெயரை மொழிபெயர்ப்பாளர் அவ்வாறே ஏற்பதன் இடரை மகாட் நிகழ்வு காட்டுகிறது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என 1923-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. மகாட் நகராட்சி 1924-இல் அதனை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. அவ்வுரிமையைச் செயற்படுத்த 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று நீர் பருகினர். திரும்பியோர் தாக்கப்பட்டனர். பின்னர் சாதி இந்துக்கள் பசுஞ்சாணம், கோமூத்திரம், பால், தயிர் ஆகியவற்றைப் பானைகளில் நிரப்பி, மந்திரங்களோடு குளத்தில் ஊற்றிச் 'சுத்தி' செய்தனர். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு நீண்டு, 1937-இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் தீண்டப்படாதோர்க்குச் சார்பாக முடிந்தது.

இதனைத் தமிழில் 'குளம் சுத்திகரிக்கப்பட்டது' என எழுதுவோர் உளர். இன்றைய தமிழில் 'சுத்திகரிப்பு' என்பது பாண்டுப்பில் மும்பையின் குடிநீருக்குச் செய்யப்படும் தொழில்நுட்பச் செயலின் பெயர். சாணம் கரைத்த குளத்திற்கும் வடிகட்டிய நீருக்கும் ஒரே வினை வழங்குவது பொருட்குழப்பம் மட்டுமன்று. தாக்கியவர்தம் விளக்கத்தை உரையாசிரியர் தம் கூற்றாக ஏற்பதும் ஆகும். 'தீட்டுக் கழிப்பதாகக் கூறிச் சாணமும் கோமூத்திரமும் ஊற்றினர்' என எழுதின், செயலும் அதற்குச் செய்தவர் கற்பித்த பொருளும் தனித்தனியே நிற்கும். மகாடும் வேங்கைவயலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியுடையன. குளத்தில் ஊற்றியவர் அதனைத் தூய்மை என்றனர். தொட்டியில் இட்டவர் எதுவும் கூறவில்லை. பொது நீரைப் பருகும் உரிமை தாக்கப்பட்டது இரண்டிற்கும் பொது.

6. சட்டச் சொற்களின் பாகுபாடு

செய்திநடையின் இப்பிரிவுகள் சட்டநடையிலும் உள்ளன. 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், நீர்வழங்கு அமைப்புகளைச் சேதப்படுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. பொது நீர்நிலையை அசுத்தப்படுத்துதலுக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்தது 3 மாதச் சிறை அல்லது 500 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதனை 6 மாதம், 5,000 ரூபாய் என உயர்த்தியது. இரும்பையும் சிமெண்டையும் உடைத்தல் பெருங்குற்றம். நீரைப் பருகவொண்ணாததாக்குதல் சிறுகுற்றம் என்பது இதன் சொற்பொருள் அமைப்பு. பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டமே, இம்மக்கள் பயன்படுத்தும் நீரைக் கெடுத்தலைத் தனிக் குற்றமாக வகுத்து இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆதலின் ஒரு நிகழ்வைச் 'சேதம்' என்பதா, 'அசுத்தம்' என்பதா, 'வன்கொடுமை' என்பதா என்னும் தெரிவு அகராதிச் சிக்கலோடு முடிவதன்று. எச்சட்டத்தை வாசகர் நினைவுகூர்வர் என்பதையும் அது உறுதிசெய்கிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

(அ) 'உடைப்பு', 'துண்டிப்பு', 'கலப்பு' போன்ற தொழிற்பெயர்கள் செய்தவரை மறைக்க வல்லன. செய்தவர் அறியப்பட்டவிடத்து வினைமுற்றும், அறியப்படாதவிடத்துச் செயப்பாட்டு வினையும் ஆளப்படல் வேண்டும். தன்வினை இரண்டிடத்தும் பொருந்தாது.

(ஆ) 'மலம் கலந்த' போன்ற தொடர்களில் வேற்றுமை உருபை விரித்தல் பொருள் மயக்கத்தை நீக்கும்.

(இ) 'ஆக்கிரமிப்பு', 'நடவடிக்கை', 'சுத்தி', 'நாசவேலை' ஆகியன ஒரு தரப்பின் சொற்கள். அவற்றை ஆளுமிடத்து 'மாநகராட்சி ஆக்கிரமிப்பென வகைப்படுத்திய' என்றாற்போல உரியவர் கூற்றாகவே ஆளுதல் தகும். பொதுநிலையில் 'குழாயோரக் குடியிருப்பு' போன்ற விளக்கச் சொற்கள் போதுமானவை.

(ஈ) நீர்வழங்கு அமைப்பின்மீதான தாக்குதலை விளக்குங்கால், சிதைந்த பொருளோடு நில்லாமல், எவர்க்கு எத்தனை நாள் நீர் இல்லாதொழிந்தது என்பதையும் தொடரின் உறுப்பாக்கல் வேண்டும்.

இவற்றுள் இறுதியில் கூறியதே செய்திநடையில் பெரும்பாலும் விடுபடுவது. முனாக்கில் சேதமுற்ற மதகு செய்தியாயிற்று. மாவிலாற்றில் போர் செய்தியாயிற்று. குழாயோரத்திலிருந்து மாகுலுக்கு அனுப்பப்பட்டவரைப் பற்றிய தொடர்களில் 'குழாய்' எழுவாயாக வந்த அளவுக்கு அக்குடும்பங்கள் எழுவாயாக வந்தில. மராத்தி மூலத்தின் 'அதிக்ரமண்' என்பதைத் தமிழாக்க அமரும் மொழிபெயர்ப்பாளர், எளிதிற் கைக்கு வரும் 'ஆக்கிரமிப்பு' என்பதை எழுதுமுன், அத்தொடர் செம்பூரிலும் தாராவியிலும் படிக்கப்படும் என்பதைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அங்குப் படிப்போருள் சிலர் அச்சொல்லால் குறிக்கப்படுபவராகவும் இருத்தல் கூடும்.